பீரோவில் தூங்கும் பேட்டரி வாட்ச்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



ஜெனரேட்டர் டீசல் கணக்கும் தண்ணீர்த் தொட்டி விவகாரமும் முடிந்த பிறகு பேச வந்திருக்கிறேன். கொஞ்சம் இலகுவான விஷயம் என்று செயலாளர் அறிமுகப்படுத்தினார். பாதிதான் இலகு. மீதிப் பாதியில் நம் ஏரியும் நம் குழந்தைகளும் வருகிறார்கள்.

உங்களில் சிலர் வீட்டு பீரோவில் ஒரு பழைய கைக்கடிகாரம் இருக்கும். அப்பாவுடையது, இல்லையென்றால் சிங்கப்பூரில் இருந்த மாமா கொண்டுவந்தது. சாவி கொடுக்கலாம் என்று பார்த்தால் சாவியே இருக்காது. சேலத்தில் காட்டினால் "இது ஓடாதுங்க" என்று திருப்பிக் கொடுத்திருப்பார்கள். அந்த ரக வாட்ச்சைப் பற்றித்தான் இன்று பேச்சு.

சாவி கொடுக்கும் வாட்ச்சுக்கும் இன்றைய குவார்ட்ஸ் வாட்ச்சுக்கும் நடுவில் சில வருடங்கள் ஒரு மூன்றாவது சாதி இருந்தது. 1957 ஜனவரியில் அமெரிக்காவின் ஹாமில்டன் கம்பெனி, உலகிலேயே முதலாவதாக, பேட்டரியில் ஓடும் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே வழக்கமான பேலன்ஸ் வீல்தான். ஸ்பிரிங்குக்குப் பதிலாக ஒரு காயிலும் காந்தமும் அதை ஆட்டின. அதற்கு மின்சாரத்தைத் தொட்டுவிடும் கம்பிகள் மிக மெல்லியவை. அவை வளைந்தாலும் கருகினாலும் கதை முடிந்தது. அழகான வாட்ச், எல்விஸ் பிரெஸ்லி படத்தில்கூட கட்டிக்கொண்டு வந்தார். ஆனால் ரிப்பேருக்கு வராத நாள் குறைவு.

1960-இல் புலோவா கம்பெனி அக்யூட்ரானை வெளியிட்டது. என் மனசுக்குப் பிடித்தது இதுதான். பேலன்ஸ் வீலே கிடையாது. பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் தட்டிப் பார்த்தோமே, இசைக்கவை, அதில் ஒரு குட்டியை வாட்ச்சுக்குள் வைத்துவிட்டார்கள். ஒரே ஒரு டிரான்சிஸ்டர் அதை வினாடிக்கு 360 தடவை அதிர வைக்கும். கவையின் ஒரு காலில் ஒட்டிய நுண்ணிய கொக்கி, ஒவ்வொரு அதிர்வுக்கும் ஒரு சக்கரத்தை ஒரு பல் தள்ளும். அந்தச் சக்கரத்தின் குறுக்களவு இரண்டரை மில்லிமீட்டர்கூட இல்லை. அதில் 300 பற்கள். ஒரு நாளைக்கு மூன்று கோடியே பதினொரு லட்சம் தள்ளு! மாதத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் பிசகாது என்று கம்பெனி உத்தரவாதம் கொடுத்தது. அமெரிக்க ரயில்வே பணிக்கும் இது ஏற்கப்பட்டது. காதில் வைத்தால் டிக் டிக் கேட்காது; தேனீ முரல்வது போல ஒரு ரீங்காரம். நொடிமுள் குதிக்காமல் வழுக்கிக்கொண்டே போகும்.

1969 கிறிஸ்துமஸ் அன்று ஜப்பானில் செய்கோ குவார்ட்ஸ் வாட்ச் வந்தது. அதன் பிறகு சில வருடங்களில் இந்த ரகம் முழுவதும் மறைந்துபோனது.

நம் ஊரில் ஏன் யாரும் இதைத் தொடுவதில்லை? 1961-இல் பெங்களூரில் எச்.எம்.டி. வாட்ச் தயாரிப்பைத் தொடங்கியது, ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு. நம் ரிப்பேர்காரர்கள் கை பழகியது ஜனதாவிலும் பைலட்டிலும். எண்பதுகளில் இதோ நம் மலையை இறங்கி தருமபுரி, கிருஷ்ணகிரி தாண்டினால் வரும் ஓசூரில் டைட்டன் வந்தது; அது குவார்ட்ஸ். நடுவில் இருந்த அக்யூட்ரான் இங்கே கடையில் பரவலாக விற்கப்பட்டதே இல்லை, பயணிகளின் மணிக்கட்டில் வந்திறங்கியது. உதிரிபாகம் கிடையாது, பழக்கமும் கிடையாது. "ஓடாது" என்றால் பாதி நேரம் "நான் பார்த்ததில்லை" என்று அர்த்தம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இவற்றில் பல வாட்ச்சுகள் கெட்டுப்போகவில்லை. செல்தான் சிக்கல்.

அந்தக் காலத்தில் இவற்றுக்கு வடிவமைத்த செல் பாதரச செல். அது 1.35 வோல்ட். தீரும்வரை அந்த அளவிலேயே நிற்கும், அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். பாதரசம் நஞ்சு என்பதால் உலகம் அதைக் கைவிட்டுவிட்டது. இன்று கிடைக்கும் சில்வர் ஆக்சைடு செல் 1.55 வோல்ட். 0.2 வோல்ட்தானே என்று தோன்றும். ஆனால் கூடுதல் வோல்ட்டில் இசைக்கவை அகலமாக வீசும். ஒரு பல் தள்ள வேண்டிய கொக்கி இரண்டு பல் தள்ளிவிடும்.

நம் பி பிளாக்கில் ஒரு அம்மா வீட்டில் இதுவே நடந்தது. காலமான கணவரின் வாட்ச். ஒரு கடையில் புது செல் போட்டார்கள், உயிர் வந்தது, முனகியது, அவருக்குக் கண்ணில் நீர். அடுத்த நாள் பார்த்தால் மதியம் சாப்பாட்டுக்குள் வாட்ச் ராத்திரி படுக்கும் நேரத்தைக் காட்டுகிறது! "மெஷின் போச்சு" என்று சொல்லிவிட்டார்கள். பழைய சாமான் வாங்குபவர் 300 ரூபாய்க்குக் கேட்டார். கொடுக்கத் தயாராகத்தான் இருந்தார். மெஷின் போகவே இல்லை. கொக்கியின் அழுத்தத்தை நுண்ணோக்கி வைத்துச் சீர் செய்யத் தெரிந்த ஒருவரிடம் அனுப்பினோம். அதே 1.55 வோல்ட் செல்லில் இப்போது ஒழுங்காக ஓடுகிறது. அப்படியும் சரிப்படாதவற்றுக்கு, வோல்ட்டைக் குறைக்கும் சின்ன டையோடு வைத்த வளையம் உண்டு.

ஆகவே வேகமாக ஓடும் வாட்ச்சைச் செத்த வாட்ச் என்று விற்றுவிடாதீர்கள். அது நல்ல அறிகுறி. காயில் உயிரோடு இருக்கிறது என்று பொருள். காயில் போனால்தான் உண்மையிலேயே கஷ்டம். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியது அது. ஸ்குரூ டிரைவர் முனை ஒரு தடவை வழுக்கினால் போதும். இதற்காகவே சொல்கிறேன்: யூடியூப் பார்த்துவிட்டுப் பின்மூடியை நீங்களே திறக்க வேண்டாம். செல் வைக்கும் குழிக்குத் தனி மூடி இருக்கிற மாடலில் அதை மட்டும் நாணயத்தால் திருகிப் பார்க்கலாம். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் நிறுத்திவிட்டு, தெரிந்தவரிடம் கொடுங்கள்.

செல் வாங்கும்போது அட்டையில் வரிசையாகத் தொங்கும் மலிவு அல்கலைன் வேண்டாம். அளவு ஒன்றாக இருக்கும், விலையும் குறைவு, ஆனால் ஒழுகும். எஸ்ஆர் என்று ஆரம்பிக்கும் எண் சில்வர் ஆக்சைடு. எல்ஆர் என்றால் அல்கலைன். புது செல் போட்டதும் ஓடவில்லையா? உள்ளங்கையில் வைத்து விரலால் மெதுவாக ஒரு தட்டு தட்டுங்கள். இசைக்கவைக்குச் சில சமயம் அந்தத் தொடக்கம் வேண்டியிருக்கும்.

நம் ஏற்காட்டு மூடுபனி வேறு. கேமரா லென்ஸில் பூஞ்சை பிடிக்கிற ஊர் இது. ஐம்பது வருட ரப்பர் வளையம் கல்லாகியிருக்கும். சர்வீஸின்போது வளையத்தை மாற்றச் சொல்லுங்கள். ஓடாமல் வைப்பதாக இருந்தால் செல்லைக் கழற்றிவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

இனி இலகு இல்லாத பாதி.

வாட்ச்சுக்குள் அந்தக் காலத்துச் செல்லே இன்னும் இருந்தால், அதன் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பாதரசம். குப்பைக் கூடையில் போட்டால் எங்கே போகும்? நம் மழைநீர் ஏரிக்குப் போகிறது. ஏரி நிரம்பினால் கிளியூர் அருவியாக இறங்குகிறது. கொடைக்கானலில் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது. அதன் பாதரசத்தைப் பற்றி அந்த மலை அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. ஒரு செல் ஒரு தொழிற்சாலை ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மலையில் விழுந்த பாதரசம் மலையிலேயே தங்கும். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளும் பேட்டரியை வீட்டுக் குப்பையோடு கலக்கக் கூடாது என்கின்றன. 

அடுத்தது குழந்தைகள். பட்டன் செல்லை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் புண்ணாக்கிவிடும். பெரிய லித்தியம் காசு செல் இன்னும் மோசம். எண்டோஸ்கோபிக்கு நாம் சேலம் இறங்க வேண்டும்: இருபது கொண்டை ஊசி வளைவு, சுமாராக ஒரு மணி நேரம். இரண்டில் ஒன்று வழியிலேயே போய்விடுகிறது. அதனால் விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகமே போதும், வண்டியை எடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஒரு வயது தாண்டிய குழந்தை விழுங்க முடிகிற நிலையில் இருந்தால், போகிற வழியிலேயே பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், ஆறு தடவைக்கு மேல் வேண்டாம். தேன் தேடுகிறேன் என்று கிளம்பத் தாமதிக்கக் கூடாது.

செயலாளர் அனுமதியோடு, வாட்ச்மேன் அறையில் உயரமான தட்டில் பூட்டுப் போட்ட டப்பா ஒன்று வைத்திருக்கிறோம். கழற்றிய செல்லின் இரண்டு பக்கமும் செல்லோ டேப் ஒட்டி, அவர் கையில் கொடுங்கள். கீழே சேகரிப்பு மையத்துக்குப் போகும்போது மொத்தமாக எடுத்துச் செல்வோம். வாட்ச்சைப் பார்க்க வேண்டும் என்றால் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் சங்க அறைக்குக் கொண்டு வாருங்கள். மல்டிமீட்டரும் லென்ஸும் என்னிடம் இருக்கின்றன. ரிப்பேர் நான் செய்ய மாட்டேன்; அது எந்த ரகம், செல் எவ்வளவு காட்டுகிறது, யாரிடம் அனுப்பலாம், இந்த மூன்றையும் சொல்லிவிடுவேன்.