கம்யூட்டேஷன்: கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் அரசுப் பள்ளிகளிலும், உறவின்முறை நடத்தும் உதவி பெறும் பள்ளிகளிலும் வேலை பார்ப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். வங்கியில் பென்ஷன் கவுன்டரில் இருந்தவன் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள்.

முதலில் பணியில் சேர்ந்த தேதியைப் பாருங்கள். 2003 ஏப்ரல் 1-க்கு முன் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம். முழுப் பணிக்காலம் முடித்தவருக்குக் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதியும், அதற்கு அகவிலைப்படியும் கிடைக்கும். அதன் பிறகு சேர்ந்தவர்களுக்கு சி.பி.எஸ். இதில் மாத ஓய்வூதியம் இல்லை. இவர்களுக்காகத்தான் 2026 ஜனவரி 3 அன்று முதலமைச்சர் உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தார். ஊழியர் பங்கு 10 சதவீதம், ஓய்வூதியம் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம்.

இன்று நான் சொல்ல வந்தது பழைய ஓய்வூதியக்காரர்களுக்கு. ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை விட்டுக்கொடுத்து மொத்தமாகப் பணம் வாங்கலாம். இதுதான் கம்யூட்டேஷன். 60 வயதில் ஓய்வு பெறுபவருக்கு ஓய்வூதியம் 30,000 ரூபாய் என்று வையுங்கள். 10,000 விட்டுக்கொடுத்தால், 12 மாதம், அதை 8.194-ஆல் பெருக்கினால் 9,83,280 ரூபாய் கைக்கு வரும். வருமான வரி இல்லை.

ஆனால் பிடித்தம் 15 ஆண்டுகள். மாதம் 10,000 வீதம் மொத்தம் 18 லட்சம். 75 வயதில்தான் முழு ஓய்வூதியம் திரும்பும். கணக்குப் போட்டால், ஏறக்குறைய 9 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கியது போலத்தான்.

மூன்று சாதகங்களும் உண்டு. அகவிலைப்படி முழு ஓய்வூதியத்துக்கும் கிடைக்கும். இடையில் ஓய்வூதியர் காலமானால் மீதியைக் குடும்பத்திடம் கேட்க மாட்டார்கள். குடும்ப ஓய்வூதியமும் குறையாது.

அப்படியானால் வாங்கலாமா? 12, 14 சதவீதத்தில் கடன் இருந்தால் வாங்கி அடையுங்கள், லாபம். உடம்பு சரியில்லாதவரும் வாங்கலாம். வாங்கி, தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் திட்டத்தில் 8.2 சதவீதத்துக்குப் போடுவது என்றால் பெரிய பலன் இல்லை. வட்டிக்கு வரி வேறு உண்டு.

நம் ஊரில் இன்னொன்றும் நடக்கும். பென்ஷன் பணம் வருகிறது என்று தெரிந்ததும், "பிரஸ்ஸில் போடுங்க, பட்டாசு சீசனுக்குத் தாங்க, தீபாவளி கழிச்சுத் தந்திடறேன்" என்று சொந்தக்காரர்கள் வருவார்கள். சீசன் மோசமானால் அவரும் என்ன செய்வார்? உங்களுக்கோ 15 ஆண்டுகள் பிடித்தம் நிற்காது. முகதாட்சண்யத்துக்காகக் கம்யூட்டேஷன் வாங்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து இந்தக் கணக்கைப் பாருங்கள். பென்ஷன் புத்தகத்திலும் ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் இருவர் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும், ஒருவர் போன பிறகு அலைவது மற்றவர்தான். புத்தகம் எந்த பீரோவில் இருக்கிறது என்பதாவது இருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

கணக்குப் போட உதவி வேண்டுமென்றால் மாலையில் காகிதத்தோடு வாருங்கள்.