கயிற்றில் கட்டுண்ட வலுசர்ப்பம்

வலியோர் எளியோரை வருத்துதல் இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. அரசவையிலும் அங்காடியிலும் காணப்படும் இத்தீமை, சிறுவர் விளையாடும் முற்றத்திலேயே முளைவிடுகின்றது. ‘பிறரை வருத்தாதே’ என்று நாள்தோறும் ஓதினாலும் அவ்வறிவுரை குழந்தையின் உள்ளத்தில் எளிதில் தங்குவதில்லை. கதையோ தங்கிவிடும். அத்தகைய கதையொன்றை நேயர்கள் அறிந்திருத்தல் நன்று.

அமெரிக்க எழுத்தாளர் ரூத் ஸ்ரைல்ஸ் கனெற் அம்மையார் இயற்றிய ‘என் தந்தையின் வலுசர்ப்பம்’ என்னும் அந்நூல் 1948 இல் வெளிவந்தது. கல்லூரியில் அவர் பயின்றதோ இரசாயனம். நூலுக்குச் சித்திரம் வரைந்தவர் அவருடைய மாற்றாந்தாயார். அம்மையார் 2024 இல், நூறு வயது நிறைந்தவராய்க் காலமானார். அவருடைய கதை இன்னும் வாழ்கின்றது.

டிராகன் என்று ஐரோப்பியர் கூறுவதையே தமிழ் வேதாகமம் வலுசர்ப்பம் என்கின்றது. மேனாட்டுப் பழங்கதைகளில் அது தீயைக் கக்கும்; ஊரை அழிக்கும்; ஈற்றில் சென் ஜோர்ஜ் போன்ற வீரன் ஒருவன் அதனைக் கொன்று புகழ் பெறுவான். கனெற் அம்மையார் இம்மரபைத் தலைகீழாக்கினார். அவர் படைத்த வலுசர்ப்பம் ஒரு குழந்தை. மஞ்சளும் நீலமுமான வரிகளும் பொன்னிறச் சிறகுகளும் உடையது. தாழ்ந்து வந்த முகிலொன்றிலிருந்து தவறி, காட்டுத் தீவின் ஆற்றங்கரையில் சிறகு நொந்து வீழ்ந்தது.

அத்தீவை ஏறக்குறைய இரண்டாகப் பிளந்து ஓடும் ஆற்றைச் சுற்றி நடக்க அங்குள்ள விலங்குகளுக்குச் சோம்பல். வீழ்ந்து கிடந்த குட்டியைக் கண்டதும் அவற்றுக்கு இரக்கம் பிறக்கவில்லை, மகிழ்ச்சியே பிறந்தது. கழுத்திற் கயிறு மாட்டின. சிறகு ஆறியதும் அக்குட்டி அல்லும் பகலும் ஆற்றுக்கு மேலாகச் சுமை காவலாயிற்று. முறையிட்டாற் சிறகை முறுக்குவர், அடிப்பர். முதலைகள் மட்டுமே அதற்கு நண்பர். அவையும் வாரம் ஒருமுறை, மறவாதிருந்தால், வணக்கம் கூறும். கண்முன்னே கொடுமை நிகழ, அவ்வப்போது இரங்கிவிட்டு அமைதியடையும் நண்பர் எந்த வகுப்பறையில் இல்லை?

இச்செய்தியை எல்மர் என்னும் சிறுவனுக்கு உரைத்தது ஒரு கிழப் பூனை. தெருவில் அலைந்த அப்பூனைக்கு அவன் ஒளித்துப் பால் வார்த்தான். அதற்காகத் தாயிடம் அடியும் வாங்கினான். அடிபட்ட சிறுவன் தன்னினும் சிறியதொன்றைத் தேடி அடிப்பதும் உலகில் உண்டு. எல்மரோ, தன்னைப்போல் அடிபடும் ஒன்றை மீட்கப் புறப்பட்டான்.

அவன் வாளேந்திச் செல்லவில்லை. அவன் பையில் இருந்தவை சுவிங்கம், குச்சிமிட்டாய், பற்பசை, சீப்பு, நாடா, உருப்பெருக்குக் கண்ணாடி முதலிய சிறு பொருள்கள். வழிமறித்த காண்டாமிருகத்துக்குத் தன் கொம்பு நிறம் மங்கிற்றே என்ற வெட்கம். அதற்குப் பற்பசை கிடைத்தது. சிங்கத்துக்குப் பிடரி சிக்காகிவிட்டதே, தாய் கண்டால் செலவுக்காசை நிறுத்திவிடுவாளே என்ற அச்சம். அதற்குச் சீப்பும் நாடாவும் கிடைத்தன. சிறகை முறுக்கும் கொரில்லாவையோ தெள்ளுப்பூச்சிகள் வாட்டின. அவற்றைத் தேடிப் பிடிக்கும் குரங்குகளுக்குக் கண்ணாடிகள் கிடைத்தன. பிறரை வருத்துவோரிடத்தும் வெளியிற் சொல்லாத வெட்கமும் அச்சமும் உண்டு என்பதனை இதனினும் எளிதாக ஒரு குழந்தைக்கு உணர்த்த இயலுமா?

எனினும் ஆசிரியை இங்கு நின்றுவிடவில்லை. பரிசு பெற்ற விலங்குகள் திருந்திவிட்டன என்று அவர் எழுதியிருந்தால் கதை இனிக்கும், உண்மை கெடும். அவ்விலங்குகளே பின்னர் எல்மரைத் துரத்தி வருகின்றன. பதினேழு முதலைகளைக் குச்சிமிட்டாயால் வசப்படுத்திப் பாலமாக்கி ஆற்றைக் கடந்த எல்மர், பேனாக்கத்தியை எடுத்துக் கயிற்றை அறுக்கின்றான். அன்பு வழியைத் திறக்கும். ஆயினும் கட்டுண்டவனை விடுவிக்கக் கயிற்றை அறுத்தே ஆகவேண்டும். வருத்துவோனிடத்து இரக்கம் கொள்ளும் ஆசிரியரும் பெற்றோரும் வருந்துவோனின் கயிற்றை மறந்துவிடலாகாது.

இன்னுமொன்றும் இங்கு சிந்தித்தற்குரியது. எல்மருக்கும் வானிற் பறக்கவேண்டும் என்ற ஆசை இருந்தது. விலங்குகளும் அக்குட்டியின் முதுகில் ஏறின, அவனும் ஏறினான். ஆனால் அவன் ஏறியது கயிறு அறுந்த பின்னர். அதுவரை ஆற்றின் இக்கரைக்கும் அக்கரைக்கும் மட்டுமே சென்றுவந்த சிறகுகள் அன்று அவனைச் சுமந்து தீவையே கடந்தன. அடிமையிடமிருந்து பெறும் பயன் கயிற்றின் நீளம் அளவே. நண்பனிடமிருந்து பெறுவதற்கு அவ்வெல்லை இல்லை.

மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம், ‘இன்று என்ன படித்தாய்?’ என்று கேளாத பெற்றோர் இலர். ‘இன்று யாருடன் விளையாடினாய்? தனித்து நின்றவர் எவரும் உண்டோ?’ என்றும் கேட்கலாம். விடை கூறப் பிள்ளை தயங்கினால், சற்றுப் பொறுமையுடன் அருகில் அமர்தல் வேண்டும். கழுத்திற் கிடக்கும் கயிறு அப்போதுதான் கண்ணுக்குப் புலனாகும்.