விமானியின் கை பழக வேண்டும்!

(மல்லாங்கிணறு கூட்டத்தில் ஆற்றிய உரை)



கரிசல் காட்டில் நின்றுகொண்டு ஆகாய விமானத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். மல்லாங்கிணறு, அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்தில் மழை பொய்த்தால் நம் வாலிபர்கள் பிழைப்புத் தேடிப் புறப்படுகிறார்கள். திருப்பூரோடு அவர்கள் நிற்பதில்லை. மதுரையிலும் திருச்சியிலும் விமானம் ஏறி துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போகிறார்கள். விமானம் இன்று சீமான்களின் வாகனம் மட்டுமல்ல. கூலிக்குப் போகிறவனின் வாகனமும்கூட. 2010 மே 22-ந் தேதி மங்களூரில் விழுந்து எரிந்த விமானம் துபாயிலிருந்து வந்ததுதான். அதில் 158 பேர் மாண்டார்கள். வளைகுடாவில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் அவர்களில் பலர்.

ஆகவே, நம் பிள்ளைகளைச் சுமந்து செல்லும் விமானத்தை யார் ஓட்டுகிறார், எப்படி ஓட்டுகிறார் என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

இன்றைய விமானம் மேலே கிளம்பிச் சில நிமிஷங்களில் தானியங்கிக் கருவியின் பொறுப்புக்குப் போய்விடுகிறது. உயரம், திசை, வேகம் மூன்றையும் கணிப்பொறி கவனிக்கிறது. பெரும்பாலும் இறங்கும் தறுவாயில்தான் விமானி மறுபடி கையில் பிடிக்கிறார். பழைய போயிங் 707 விமானத்தில் விமானிகளோடு ஒரு என்ஜினியரும் உட்கார்ந்திருப்பார். இன்று அந்த ஆசனம் இல்லை, இரண்டே பேர்தான். நீண்ட பயணத்தின் நடுவில் ஒருவரே போதுமா என்றும் விமானக் கம்பெனிகள் ஆராய்ந்து பார்த்தன. உலகெங்கும் விமானிகளின் சங்கங்கள் அதை எதிர்க்கின்றன.

யந்திரத்தைப் பழிப்பது நமது கொள்கையல்ல. கமலை இறைத்துக் களைத்த விவசாயிக்கு பம்ப்செட் வந்தது நல்லதே. யந்திரம் வேறு, முதலாளி அதைப் பயன்படுத்தும் விதம் வேறு என்று மார்க்ஸ் 'மூலதனம்' நூலில் பிரித்துக் காட்டியிருக்கிறார். தானியங்கியால் விமானப் பயணம் பத்திரமாகியிருக்கிறது என்பதும் வாஸ்தவம்.

ஆனால் பம்ப்செட் நின்றுபோனால் மெக்கானிக்குக்குச் சொல்லியனுப்பலாம். முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் கருவி கைவிட்டால் யாருக்குச் சொல்லியனுப்புவது? அந்த விநாடியில் விமானியின் கையும் கண்ணும்தான் கதி. அந்தக் கை பழக்கம் விட்டுப்போன கையாக இருந்தால் என்ன ஆகும்?

நம் நாட்டு உதாரணமே இருக்கிறது. 1990 பிப்ரவரி 14-ந் தேதி பம்பாயிலிருந்து பெங்களூருக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் ஏ-320 என்ற புது ரகம். முந்திய வருஷம்தான் அந்த ரகம் இங்கே வந்திருந்தது. வானம் தெளிவாக இருந்தது. இறங்கும்போது என்ஜின்களை மிகக் குறைந்த சக்தியில் வைக்கும் நிலையில் கருவி இருந்தது. வேகம் குறைந்துகொண்டே போனது. அதை விமானிகள் தக்க சமயத்தில் கவனிக்கவில்லை. ஓடுபாதையை எட்டுமுன்பே விமானம் கோல்ஃப் மைதானத்தில் மோதி எரிந்தது. 146 பேரில் 92 பேர் மாண்டார்கள். விசாரணை விமானிகளைக் குறை கூறியது. இந்தியன் ஏர்லைன்ஸ் அன்று சர்க்கார் ஸ்தாபனம். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. புது யந்திரத்தைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். அதோடு பழகும் அவகாசத்தை மனிதனுக்குக் கொடுத்தாக வேண்டும்.

2009 ஜூன் 1-ந் தேதி ஏர் பிரான்ஸ் விமானம் ரியோ டி ஜனீரோவிலிருந்து பாரிஸுக்குப் போய்க்கொண்டிருந்தது. வேகத்தை அளக்கும் குழாய்களில் பனிக்கட்டி அடைத்தது. தானியங்கி விலகிக்கொண்டது. திகைத்துப்போன விமானி மூக்கை மேலே தூக்கினார். நாலரை நிமிஷத்துக்குள் 228 பேரோடு விமானம் கடலில் விழுந்தது. அவ்வளவு உயரத்தில், அப்படிப்பட்ட நிலையில் கையால் ஓட்ட அவர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை என்று விசாரணையில் தெரிந்தது. கையால் ஓட்டும் பழக்கத்தை வளர்க்கும்படி 2013-ல் அமெரிக்க அரசின் விமானத் துறையே கம்பெனிகளுக்கு யோசனை கூறிற்று.

லாபவேட்டையின் கோர முகத்தைக் காண வேண்டுமானால் போயிங் 737 மேக்ஸ் கதையைப் பாருங்கள். அந்த விமானத்தில் ஒரு தானியங்கி ஏற்பாட்டைப் புகுத்தினார்கள். ஒரே ஒரு உணர்கருவி தவறாகச் சொன்னாலும் அது விமானத்தின் மூக்கைக் கீழே அழுத்தும். விமானிகளின் கையேட்டில் அதைப் பற்றி எழுதவில்லை! ஏன்? புதுப் பயிற்சி தேவையென்றால் வாங்கும் கம்பெனிக்குச் செலவு; சரக்கு விலைபோகாது. 2018 அக்டோபரில் இந்தோனேசியாவில் 189 பேர், 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவில் 157 பேர் பலியானார்கள். முதல் விமானத்தின் கேப்டன் டில்லியைச் சேர்ந்த வாலிபர். தன்னிடம் சொல்லப்படாத யந்திரத்தோடு அவர் மல்லாடினார்.

பழகிய கை என்ன செய்யும் என்பதற்கும் சான்று உண்டு. 2009 ஜனவரி 15-ந் தேதி நியூயார்க்கில் பறவைகள் மோதி ஒரு ஏ-320 விமானத்தின் இரு என்ஜின்களும் சக்தி இழந்தன. கேப்டன் சல்லன்பெர்கர் அதை ஹட்சன் நதியில் இறக்கினார். 155 பேரும் பிழைத்தார்கள். கணிப்பொறியும் அங்கே கை கொடுத்தது. அடுத்த மாதம் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் அவர் என்ன சொன்னார் தெரியுமா? தன் சம்பளம் 40 சதவிகிதம் வெட்டப்பட்டது, பென்ஷனும் பறிபோயிற்று என்றார்!

இங்கே நிலைமை என்ன? லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். அதற்கும், பிறகு குறிப்பிட்ட ரக விமானத்தில் பயிற்சி பெறவும் பல லட்சம் ரூபாயைப் பெரும்பாலும் அந்தப் பையனே கட்டுகிறான். கடனோடு வேலைக்கு வருகிறவன் "களைப்பாயிருக்கிறது, ஓட்ட மாட்டேன்" என்று துணிந்து சொல்வானா? மங்களூர் விமானத்தின் கேப்டன் வழியில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூங்கியதை ஒலிப்பதிவு காட்டியது. இறங்காமல் மேலே போய்விடலாம் என்று துணை விமானி மூன்று முறை சொல்லியும் பலனில்லை. விமானிகளின் வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக்கப்பட்டது. 2025 டிசம்பரில் இண்டிகோ கம்பெனி புதிய விதிகளுக்குப் போதுமான விமானிகளைத் தயார் செய்யாமல் ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்துச் செய்தது. சர்க்கார் என்ன செய்தது? விதிகளிலிருந்து அந்தக் கம்பெனிக்குத் தற்காலிக விலக்குக் கொடுத்தது!

தோழர்களே! பயிற்சி கம்பெனியின் செலவில் நடக்க வேண்டும். கையால் ஓட்டும் பழக்கத்துக்கு ஒழுங்கான நேரம் ஒதுக்க வேண்டும். யந்திரத்தில் உள்ளதையெல்லாம் ஓட்டுகிறவனுக்குச் சொல்ல வேண்டும். ஓய்வு விதியில் சலுகை கூடாது. "மேலே போ" என்று துணை விமானி சொன்னால் அந்தச் சொல் ஏற வேண்டும்.

விமானி அதிகச் சம்பளக்காரன், அவன் பிரச்சினை நமக்கெதற்கு என்று ஒதுங்காதீர்கள். இரவும் பகலும் வண்டியோட்டும் பஸ் டிரைவருக்கும், நெசவாளிக்கும், அவனுக்கும் வழக்கு ஒன்றுதான். யந்திரம் வரட்டும், உழைப்பவனின் கைத்திறனையும் ஓய்வையும் அது விழுங்க விடமாட்டோம்!