ஊர் கூடி ஓடும் ஓட்டம்

ஐப்பசி மாதத்தின் இறுதி நாட்களில் கல்பாத்தியில் தேர் புறப்படுகிறது. அந்நாட்களில் அக்கிரகாரத் தெருக்களில் வேறு வண்டிகளுக்கு வழியில்லை. வடம் பிடிப்போரும், முட்டுக்கட்டை போடுவோரும், மோரும் பானகமும் வழங்குவோரும், திண்ணையில் நின்று காண்போருமாக ஊர் முழுவதும் ஒரே காரியத்தில் கலந்துகொள்கிறது. இன்றைய பெருநகரங்கள் ஆண்டுக்கு ஒருமுறை நடத்தும் மாரத்தான் என்னும் நெடுந்தூர ஓட்டமும் இத்தகைய ஒரு திருவிழாவாகவே வளர்ந்திருக்கிறது. அது எவ்வாறு வளர்ந்தது, அதனால் சமுதாயத்திற்கு விளைந்த நன்மை யாது, பாலக்காட்டு எல்லையிலும் இடுக்கி மலைகளிலும் வாழும் நமக்கு அதில் பங்கு உண்டா என்பவற்றை இன்று எண்ணிப் பார்ப்போம்.

முதலில் அதன் பிறப்பு. கி.மு. 490-இல் கிரேக்க நாட்டின் மாரத்தான் சமவெளியில் ஏதென்ஸ் நகரத்தார் பாரசீகப் படையை வென்றனர். வெற்றிச் செய்தியோடு ஏதென்ஸ் வரை ஓடிவந்த வீரன் ஒருவன், அதனைச் சொல்லி முடித்ததும் உயிர்நீத்தான் என்பது வழங்கிவரும் கதை. அப்போரின் வரலாற்றை எழுதிய ஹெரோடோட்டஸ் இதனைக் குறிப்பிடவில்லை. உதவி வேண்டி ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு ஒருவன் ஓடிய செய்தியையே அவர் தருகிறார். கதை எவ்வாறாயினும், 1896-இல் ஏதென்ஸில் புதிய ஒலிம்பிக் பந்தயங்கள் தொடங்கியபோது, அதன் நினைவாக ஒரு நெடுந்தூர ஓட்டம் சேர்க்கப்பட்டது. அதில் வென்றவர் ஸ்பிரிடோன் லூயிஸ் என்பவர். தண்ணீர் சுமந்து பிழைத்தவர். மறு ஆண்டே, 1897-இல், அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் ஆண்டுதோறும் நடைபெறும் ஓட்டத்தைத் தொடங்கிவைத்தது. முதல் ஆண்டில் புறப்பட்டவர்கள் 15 பேர்தாம்.

ஓட்டத்தின் தூரம் தொடக்கத்தில் நிலையாக இருக்கவில்லை. 1908-இல் லண்டன் ஒலிம்பிக் பந்தயத்தில் வின்ட்ஸர் அரண்மனையிலிருந்து விளையாட்டரங்கம் வரை 26 மைல் 385 கஜம் என்று வகுத்தார்கள். 1921-இல் அதுவே உலகம் முழுமைக்கும் உரிய அளவாயிற்று. இன்றைய கணக்கில் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். மூணாற்றிலிருந்து போடிமெட்டு வரை செல்லும் மலைச்சாலையின் நீளமும் ஏறத்தாழ இவ்வளவே. அச்சாலையில் பேருந்தில் சென்றவர்களுக்கு, அத்தனை தூரத்தையும் காலால் ஓடிக் கடப்பது எத்தகைய செயல் என்பதை விளக்க வேண்டியதில்லை.

நெடுங்காலம் இது தேர்ந்த வீரர் சிலருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. பெண்களின் உடல் இதனைத் தாங்காது என்று கருதி அவர்களை விலக்கியும் வைத்திருந்தனர். 1966-இல் பாபி கிப் என்ற பெண், புதர் மறைவிலிருந்து புறப்பட்டுப் பாஸ்டன் ஓட்டத்தை முடித்துக் காட்டினார். 1967-இல் கேத்ரின் ஸ்விட்ஸர் எண் அட்டை அணிந்து ஓடியபோது, அமைப்பாளர் ஒருவர் பாய்ந்து அவரைப் பிடித்து வெளியேற்ற முயன்றார். அவர் நில்லாது ஓடி முடித்தார். 1972-இல் பாஸ்டன் பெண்களுக்கு முறைப்படி இடம் அளித்தது. 1984-இல்தான் பெண்களின் மாரத்தான் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. விலக்கப்பட்டவர்கள் சாலைக்கு வந்து தங்கள் இடத்தைப் பெற்ற வரலாறு இது.

நியூயார்க் நகரில் 1970-இல் நடந்த முதல் மாரத்தானில் 127 பேர் புறப்பட்டு 55 பேர் முடித்தனர். ஒரு பூங்காவுக்குள் சுற்றிச் சுற்றி ஓடிய ஓட்டம் அது. 1976-இல் அதனைப் பூங்காவிலிருந்து வெளியே கொணர்ந்து, நகரின் ஐந்து பகுதிகளின் வழியாகவும் செல்லுமாறு அமைத்தார்கள். அதன்பின் செல்வர் வாழும் தெருவும் ஏழையர் வாழும் தெருவும் ஒரே ஓட்டத்தைக் கண்டன. லண்டனில் 1981-இல் தொடங்கிய ஓட்டத்தில் முன்னணியில் வந்த இருவர், தமக்குள் யார் முதல்வர் என்று பாராமல் கைகோத்து எல்லைக்கோட்டைக் கடந்தனர். அந்த ஓட்டத்தின் வாயிலாக அறப்பணிகளுக்குச் சேர்ந்த பொருள் இன்று நூறு கோடி பவுண்டுக்கு மேற்பட்டது.

நம் நாட்டிற்கு வருவோம். 1920-இல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக் மாரத்தானில் பெல்காமைச் சேர்ந்த சௌகுலே 19-ஆவது இடம் பெற்றார். பீகாரைச் சேர்ந்த சிவநாத் சிங் 1978-இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் முறியடிக்கப்படாமல் நின்றது. நாட்டில் சிறந்த ஓட்டக்காரர்கள் இருந்தார்கள். அவர்களோடு சேர்ந்து ஓடும் ஊர்தான் இல்லை. 1983-இல் புணேயில் தொடங்கிய மாரத்தான் அக்குறையைத் தீர்க்க முற்பட்டது. 2004-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மும்பை தன் சாலைகளைத் திறந்துவிட்டபோது அம்முயற்சி பேருருவம் கொண்டது.

இன்று மும்பையில் ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், விடியுமுன்பே சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தின் முன் மக்கள் கூடுகிறார்கள். முழுத் தூரம் ஓடுவோர், பாதித் தூரம் ஓடுவோர், சில கிலோமீட்டர் மட்டும் ஓடுவோர், முதியோர், சக்கர நாற்காலியில் வருவோர் என ஐம்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் பங்கு கொள்கின்றனர். எத்தியோப்பியாவிலிருந்தும் கென்யாவிலிருந்தும் வந்த உலக வீரர் ஓடிய அதே சாலையில், அவருக்குப் பின்னால் கடைக்காரரும் ஆசிரியரும் ஓடுகிறார்கள். கிரிக்கெட்டிலோ கால்பந்திலோ பொதுமக்களுக்கு இத்தகைய உரிமை இல்லை. வழியெங்கும் குடும்பத்தார் வாசலில் நின்று, முன்பின் அறியாதவர்களுக்கு ஆரஞ்சுச் சுளையும் நிலக்கடலை மிட்டாயும் நீட்டுகிறார்கள். நாள்தோறும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு விரையும் ஒரு நகரம், அன்று ஒருவருக்கொருவர் கைதட்டுகிறது.

அறப்பணிக்குப் பொருள் சேரும் முறையும் அறியத்தக்கது. ஓடுபவர் ஒரு தொண்டு நிறுவனத்தைத் தேர்ந்துகொள்கிறார். "நான் இத்தனை தூரம் ஓடப்போகிறேன், இப்பணிக்கு உங்களால் இயன்றதைத் தாருங்கள்" என்று உறவினரிடமும் உடன் பணிபுரிவோரிடமும் கேட்கிறார். வெறுமனே நன்கொடை கேட்டால் தயங்குபவரும், கேட்பவர் தம் உடலை வருத்த முன்வந்திருப்பது கண்டு மனமிரங்கித் தருகின்றனர். காவடி எடுப்பவருக்குக் காணிக்கை தரும் மனத்தை நாம் அறிவோம். இதுவும் அதற்கு அண்மையில் நிற்பதே. கல்வி, மருத்துவம், ஊனமுற்றோர் நலம் ஆகிய பணிகளுக்கு மும்பையில் இவ்வாறு பல நூறு கோடி ரூபாய் திரண்டிருக்கிறது. கொள்ளைநோயின் காரணமாக 2021-லும் 2022-லும் அவ்வோட்டம் நடைபெறவில்லை. 2023-இல் அது மீண்டும் தொடங்கியது.

நமக்கு அண்மையிலுள்ள சான்றும் உண்டு. வாளையாற்றைக் கடந்தால் கோயமுத்தூர். அங்கே 2013 முதல் நடைபெற்றுவரும் ஓட்டம், அந்நகரின் புற்றுநோய் அறக்கட்டளைக்குத் துணைசெய்யும் நோக்கத்தோடு தொடங்கப்பட்டது. நோயாளிக்கு உதவ நலமுள்ளவர் ஓடுவது என்னும் எண்ணம் எளியது, எவரும் புரிந்துகொள்ளத்தக்கது.

குறைகளையும் கூறாது விடுவது முறையன்று. பெரிய ஓட்டங்களில் சேரக் கட்டணம் உண்டு; நாட்கூலி பெறும் ஒருவர் அதனை எளிதில் கொடுக்க இயலாது. வணிக நிறுவனங்களின் விளம்பரம் சில வேளை ஓட்டத்தையே மறைத்துவிடுகிறது. ஓடியபின் சாலையில் கிடக்கும் பிளாஸ்டிக் குப்பையை அள்ளுவோர் எந்தப் பதக்கமும் பெறுவதில்லை. பல மாதப் பயிற்சி இல்லாமல் ஒருநாள் உற்சாகத்தில் முழுத் தூரம் ஓடப் புகுவதும் ஆபத்தே. இவற்றைத் திருத்திக்கொள்ளும் நகரமே இவ்விழாவுக்குத் தகுதியுடையது.

இனி நம் பங்கைக் காண்போம். இடுக்கி மாவட்டத்தில் ராஜாக்காட்டை அடுத்த முல்லைக்கானம் என்ற சிற்றூரில், வறுமையில் வளர்ந்தவர் பிரீஜா ஸ்ரீதரன். அவர் 2010-இல் குவாங்சோ ஆசிய விளையாட்டுகளில் 10,000 மீட்டரில் தங்கமும் 5,000 மீட்டரில் வெள்ளியும் வென்றார். பாலக்காட்டு முண்டூரைச் சேர்ந்த பி. யு. சித்ரா, 2017-லும் 2019-லும் ஆசியத் தடகளப் போட்டியில் 1,500 மீட்டரில் முதலிடம் பெற்றார். முண்டூர், பறளி போன்ற ஊர்களின் பள்ளிகள் எத்தனையோ ஓட்டக்காரர்களை உருவாக்கியுள்ளன. வடக்கே வயநாட்டு மலையிலிருந்து வந்த ஓ. பி. ஜெய்ஷா, 2015-இல் மும்பை மாரத்தானிலேயே பெண்களுக்கான தேசியச் சாதனையைப் புதுப்பித்தார். அதே மலையைச் சேர்ந்த டி. கோபி, 2017-இல் ஆசிய மாரத்தானில் தங்கம் வென்ற முதல் இந்திய ஆண்மகன் என்ற பெருமையைப் பெற்றார்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. ஓடுவதற்குச் சாலையைத் தருவது நகரம். ஓடுபவரைத் தருவது பெரும்பாலும் மலையும் சிற்றூருமே. பள்ளிக்கும் கடைக்கும் மேடும் பள்ளமும் ஏறி இறங்கி நடந்த கால்கள்தாம் பின்னர் நகரத்துச் சாலைகளில் பாராட்டுப் பெறுகின்றன. ஆயினும் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலைத் தோட்டங்களில் ஒரு குழந்தை ஓடிப் பழகச் சமநிலம் கிடைப்பது அரிது. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் சமநிலம் உண்டு. ஆனால் பன்னிரண்டு வயதுக்கு மேல் ஒரு பெண் ஓடுவதை எல்லாக் குடும்பங்களும் விரும்புவதில்லை. பள்ளிப் பந்தயத்தில் முதலாவதாக வந்த சிறுமி, அடுத்த ஆண்டு வேடிக்கை பார்ப்பவளாக ஓரத்தில் நிற்பாளாயின், அந்த இழப்பு எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை.

ஆகவே நாம் செய்யத்தக்கவை சில உண்டு. ஊராட்சிகள் ஆண்டில் ஒரு ஞாயிறு காலை, இரண்டு மணி நேரம், ஒரு சாலையை ஓடுவோருக்கு விட்டுக்கொடுக்கலாம். திருவிழாவுக்கு விட்டுக்கொடுக்கும் ஊருக்கு இது அரிதன்று. ஐந்து கிலோமீட்டர் தூரம் போதும், கட்டணம் வேண்டாம், தாயும் மகளும் சேர்ந்து ஓடட்டும். தோட்ட நிர்வாகங்கள் பள்ளியை ஒட்டிச் சிறிது நிலத்தைச் சமன்செய்து தரலாம். நம் பகுதியில் தொண்டாற்றும் சங்கங்கள், பெருநகர ஓட்டங்களின் அறப்பணிப் பட்டியலில் இடம் பெற முயலலாம். அவ்வாறாயின் மும்பையிலும் கோயமுத்தூரிலும் ஓடுகின்றவர், மலைப்பள்ளி மாணவி ஒருத்தியின் காலணிக்காகவும் சத்துணவுக்காகவும் ஓடுபவர் ஆவார்.

பாஸ்டன் மாரத்தான் 15 பேரோடு தொடங்கியது. நம் ஊரில் அதைவிடக் குறைவானவர்களைக் கொண்டு தொடங்கினாலும் வெட்கப்படுவதற்கில்லை. அவர்களுள் சரிபாதியினர் பெண்களாக இருக்கும்படி மட்டும் பார்த்துக்கொள்வோம்.