நாடகப் பள்ளியின் தலைமையாசிரியர்

புதுவை நகரின் வடபால் அமைந்த கருவடிக்குப்பத்தில், தமிழ் நாடக உலகம் தன் ஆசான் என்று போற்றும் பெரியார் ஒருவர் அடக்கமாகியிருக்கின்றார். தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் என்பது அவர்தம் திருப்பெயர். அவர் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ஆம் ஆண்டு பிறந்தார். 1922 நவம்பர் 13-ஆம் நாள், அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் புதுவையில் மறைந்தார்.

மேலை நாடுகளில் நாடகத்தையும், 'ஆப்பெரா' எனப்படும் இசை நாடகத்தையும் ஒரு நோக்கில் நின்று உருவாக்குபவரை இயக்குநர் என்பர். நம் நாடகக் குழுக்களில் அவருக்கு வழங்கிய பெயர் வேறு. அவரை 'வாத்தியார்' என்றே அழைத்தார்கள். நடிகரை இயக்கினால் மட்டும் போதாது, அவருக்குக் கற்பிக்கவும் வேண்டும் என்னும் கருத்து அப்பெயரிலேயே அடங்கியிருக்கின்றது. பல்லாண்டுகள் பள்ளியில் பணியாற்றிய எனக்குச் சுவாமிகளின் வாழ்வில் முதலில் புலப்படுவதும் இந்த ஆசிரியத்தன்மையே.

இளமையில் தம் தந்தையாரிடமும், பின்னர்ப் பழனித் தண்டபாணி சுவாமிகளிடமும் தமிழ் பயின்றார். வெண்பாவும் கலித்துறையும் இளம் வயதிலேயே அவருக்குக் கைவந்தன. சில காலம் உப்புப் பண்டகசாலையில் கணக்கராக இருந்துவிட்டு, 24-ஆம் வயதில் நாடகத்துறை புகுந்தார். எமன், சனீசுவரன், இரணியன், இராவணன் போன்ற கடுமையான வேடங்களே அவருக்கு உரியனவாயின. அவர் எமனாகத் தோன்றியதைக் கண்டு அஞ்சிக் கருவுற்ற பெண்ணொருத்திக்குக் கருச்சிதைந்தது என்பது நாடக உலகில் வழிவழியாக வழங்கிவரும் செய்தி. பின்னர் அவர் வேடம் புனைவதை விட்டார். துறவுள்ளம் கொண்டு தலங்கள்தோறும் சென்றார். அவரை மீண்டும் கலைப்பணிக்கு ஈர்த்தவர், கஞ்சிராக் கலையில் பெரும்புகழ் பெற்ற புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை ஆவார்.

அந்நாளைய மேடையின் நிலை என்ன? பாட்டுகள் இருந்தன, உரையாடல்களோ பெரும்பாலும் நடிகர் தம் மனம்போனவாறு பேசுவனவாகவே இருந்தன. கதை ஒரு பக்கம் செல்ல, பேச்சு மற்றொரு பக்கம் செல்லும். ஒருவர் மற்றவரை வாதில் மடக்குவதே நடிப்பென்று கருதப்பட்டது. சுவாமிகள் பாட்டோடு உரையாடலையும் வரையறுத்து எழுதினார். வள்ளி திருமணம், கோவலன் சரித்திரம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, சுலோசனா சதி என அவர் இயற்றிய நாடகங்கள் பல. அபிமன்யு சுந்தரியை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பர்.

எழுதி வைத்தால் போதுமா? எழுதியவாறு நடிக்கக்கூடியவர் வேண்டாமா? பழக்கம் முற்றிய பெரியவர்கள் எளிதில் திருந்துவதில்லை. ஆதலின் அவர் சிறுவர்களைத் தேர்ந்தார். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அதே ஆண்டில் மாஸ்கோ நகரில், போல்ஷாய் அரங்கின் சார்பில் ஓர் இசைநாடகப் பயிற்சிக்கூடம் தோன்றியது. அதன் தலைவர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி. குரல் வளம் மட்டும் போதாது, பாடும் சொல்லின் பொருள் பாடுபவரின் உள்ளத்திலும் உடலிலும் விளங்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் பிறந்தது 1863-இல். நம் சுவாமிகளுக்கு நான்காண்டு மூத்தவர். இருவரும் கண்ட குறை ஒன்றே, மருந்தும் ஒன்றே. இருவருமே அரங்கைப் பள்ளியாக்கினர்.

ஆயினும் இங்கே ஒரு வினா எழுகின்றது. மாஸ்கோவில் பயின்றவர் வளர்ந்த பாடகர். மதுரையில் பயின்றவரோ பாலர். அந்த 1918-ஆம் ஆண்டிலேயே சபையில் சேர்ந்த தி.க. சண்முகத்துக்கு அப்போது வயது ஆறு. அரிச்சுவடி கற்க வேண்டிய வயதில் அரிதாரம் பூசுவது தகுமோ? பாலர் குழுக்களில் இரவெல்லாம் கண்விழிப்பு, ஊர் ஊராக அலைச்சல். மகரக்கட்டு உடைந்து குரல் மாறினால் பலருக்குப் பிழைப்பே போய்விடும். அதன்பின் கைத்தொழிலும் இல்லை, கல்வியும் இல்லை. நாடகம் செழித்தது என்பதற்காக அப்பிள்ளைகள் இழந்ததை நாம் மறைத்துவிடலாகாது. இன்று அம்முறை இல்லாமற் போனது நன்றே.

அவ்விழப்பை ஈடுசெய்ய ஓர் ஆசான் இயன்றதைச் செய்தார் என்பதும் உண்மை. சுவாமிகளின் வசனங்களில் திருக்குறளும் நீதிநூல்களும் கலந்து நிற்கும். அவற்றை மனப்பாடம் செய்த சிறுவன், பள்ளிக்குச் செல்லாமலே செந்தமிழை நாவில் பெற்றான். அச்சண்முகமே பிற்காலத்தில் ஔவையாராக நடித்து 'ஔவை' சண்முகம் எனப் பெயர் பெற்றார். தம் ஆசானைப் பற்றி நூல் எழுதி, 'தமிழ் நாடகத் தலைமையாசிரியர்' என்று அதற்குப் பெயரிட்டார்.

1921-இல் சுவாமிகளைப் பக்கவாத நோய் பற்றியது. ஓரிரவில் ஒரு நாடகம் எழுதிய கை ஓய்ந்தது; ஆயிரம் பாட்டுகளைச் சொல்லிக் கொடுத்த நா அடங்கியது. ஆசிரியனுக்கு இதனினும் கொடிய துன்பம் உண்டோ? எனினும் குழுவை அவர் பிரியவில்லை. தாம் பேச இயலாத சொற்களைத் தம் மாணவர் பேசக் கேட்டு ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தார். அக்குழுவோடு வந்த இடத்தில்தான், புதுவையில், அவர் வாழ்வு முடிந்தது.

அவர் சொல் முடியவில்லை. தென்மாவட்டக் கோயில் திருவிழாக்களில் 'ஸ்பெஷல் நாடகம்' என்று ஒன்று நடைபெறும். முருகனாக நடிப்பவர் ஓர் ஊரினர். வள்ளி மற்றோர் ஊரினர். நாரதர் வேறோர் ஊரினர். ஒத்திகை கிடையாது. மாலையில் வந்து கூடி, விடியும்வரை வள்ளி திருமணத்தை நடத்திவிட்டுப் பிரிவர். இஃது எங்ஙனம் இயல்கின்றது? எல்லாரும் கற்ற பாடம் ஒன்றாக இருப்பதனால்! அவர் மறைந்து நூறாண்டு கடந்த பின்னும், முன்பின் பழகாத கலைஞரை ஒரே மேடையில் இணைப்பது அவர் வகுத்த பாடமே.

புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அங்கே இளைஞர் வயது வந்தபின், தாமே விரும்பி, பொதுக்கல்வியையும் பெற்ற பிறகு நாடகம் பயில்கின்றனர். பாலர் சபைச் சிறுவர்க்குக் கிட்டாத அந்தப் பேறு இவர்களுக்குக் கிட்டியிருக்கின்றது. நாடகத்தைப் பள்ளியாக்கிய பெரியாருக்கு இதனினும் தக்க நினைவுச்சின்னம் வேறில்லை.