ரப்பர் பாலுக்குள் ஒளிந்திருக்கும் சொல்



"தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வர என்ன வழி?" என்பதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய சகோதரி ஒன்று சொன்னார். வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் பிள்ளைக்குத்தான் ஆங்கிலம் வருமாம். நம் பிள்ளைக்கு டியூஷனை விட்டால் கதியில்லையாம். எழுத்துகளைக் கலைத்துப் போட்டுச் சொல் தேடுவதெல்லாம் பட்டணத்துப் பிள்ளைகளின் பொழுதுபோக்காம். சொன்னார், கைதட்டலும் வாங்கினார். அந்தக் கைதட்டலுக்குத்தான் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் பண்டார் பாருவிலிருந்து வருகிறேன். கெடாவின் தெற்கு மூலை. கிரியான் ஆற்றைத் தாண்டினால் பேராவின் பாரிட் புந்தார். கொஞ்சம் தள்ளினால் பினாங்கின் நிபோங் திபால். சுற்றிலும் பால்மரமும் செம்பனையும்தான். எங்கள் வட்டாரத்துப் பிள்ளை வீட்டில் தமிழ் பேசுகிறது, கடையில் மலாய் பேசுகிறது. ஆங்கிலத்தை எழுதிப் பார்க்கிறதே தவிர பேசிப் பார்க்க ஆள் இல்லை. 2003-ஆம் ஆண்டு கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் நடத்தச் சொன்னார்கள். 2012-இலிருந்து படிப்படியாகத் திருப்பிக்கொண்டார்கள். போகும்போதும் வரும்போதும் தடுமாறியது இந்தப் பிள்ளைதான்.

சரி, விளையாட்டுக்கு வருகிறேன். ரப்பர் பாலுக்கு ஆங்கிலத்தில் லேடெக்ஸ். எல், ஏ, டி, இ, எக்ஸ் என்று ஐந்து எழுத்து. இதே ஐந்தையும் மாற்றி அடுக்குங்கள். இ, எக்ஸ், ஏ, எல், டி. எக்ஸால்ட் என்று வரும். உயர்த்துவது, போற்றுவது என்று பொருள். நம் தாத்தா பாட்டி வாளியில் சுமந்த பாலுக்குள் இப்படி ஒரு சொல் ஒளிந்திருக்கிறது! செம்பனையைப் பாருங்கள். பனைக்கு ஆங்கிலத்தில் பாம் என்கிறோம். பி, ஏ, எல், எம். அதையே எல், ஏ, எம், பி என்று மாற்றினால் விளக்கு. இதை ஒரு பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். அடுத்த நிமிடமே வேறு சொல்லைக் கலைத்துப் பார்க்க ஆரம்பித்துவிடும்.

இதில் நம் பிள்ளைக்கு ஒரு தனிப் பயன் இருக்கிறது. தமிழில் 247 எழுத்து. பெரும்பாலும் எழுதியபடியே படிக்கலாம். அப்படிப் படித்துப் பழகிய பிள்ளை ஆங்கிலத்தின் 26 எழுத்தைப் பார்த்ததும், "இவ்வளவுதானா?" என்று நினைக்கிறது. அங்கேதான் வழுக்குகிறது. சி, ஏ, ஆர், இ என்ற நான்கு எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு விதமாக அடுக்கினால் கேர், அக்கறை. இன்னொரு விதமாக அடுக்கினால் ரேஸ், பந்தயம். மூன்றாவது விதமாக அடுக்கினால் ஏக்கர், நம் தோட்டக் கணக்கு. கேரிலும் ஏக்கரிலும் 'க்' என்று ஒலிக்கிற சி, ரேஸில் 'ஸ்' என்று ஒலிக்கிறது. பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பார்த்து எழுத்து தன் ஒலியை மாற்றிக்கொள்கிறது. இதைப் பலகையில் எழுதி இலக்கணமாக விளக்கினால் பிள்ளை கொட்டாவி விடும். நான்கு அட்டைத் துண்டைக் கையில் கொடுத்தால் அதுவே கண்டுபிடித்துவிடும்.

எழுத்தைப் புரட்டி விளையாடுவது நமக்குப் புதிதும் இல்லை. விகடகவி என்று சொல்லிச் சிரித்தவர்கள்தானே நாம்? திருஞானசம்பந்தர் மாலைமாற்றாகவே ஒரு பதிகம் பாடியிருக்கிறார். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும்.

"எழுத்தைக் கொடுத்தால் சொல்லைச் சொல்ல இப்போது கைப்பேசியே இருக்கிறதே" என்று பின்வரிசையில் ஒரு தம்பி முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. இருக்கிறது தம்பி. அது எப்படிச் சொல்கிறது தெரியுமா? சொல்லின் எழுத்துகளை அகர வரிசையில் அடுக்கிக்கொள்கிறது. நேம், பெயர் என்ற சொல்லை அடுக்கினால் ஏ, இ, எம், என். மீன், பொருள் என்ற சொல்லை அடுக்கினாலும் அதே ஏ, இ, எம், என். குதிரையின் பிடரி மயிரான மேனும், கிறிஸ்தவ நண்பர்கள் ஜெபத்தை முடிக்கும் ஆமெனும் அப்படியே. நான்கு சொல்லுக்கும் ஒரே பூட்டு, ஒரே சாவி. அகராதி முழுவதையும் இப்படி அடுக்கி வைத்துவிட்டால், சாவியைக் கொடுத்ததும் கதவு திறக்கும். உலகப் போட்டிகளில் ஆடுகிறவர்கள் பலர் இதே முறையில்தான் சொற்களை மனப்பாடம் செய்கிறார்கள். கைப்பேசியிடம் கேட்டு வாங்கிய சொல் மறுநாள் மறந்துபோகும். தானே தேடிய சொல் தங்கும்.

தேடுவதற்கும் வழி உண்டு. ஏழு எழுத்து வந்திருக்கிறது: ஏ, ஜி, ஐ, என், பி, பி, டி. பி இரண்டு முறை. இவற்றை 2,520 விதமாக அடுக்கலாம். எந்தப் பிள்ளையால் முடியும்? ஐ, என், ஜி மூன்றையும் எடுத்து வால் பக்கம் வையுங்கள். 'இங்' என்ற முடிவு வந்துவிட்டது. மீதி நான்கு எழுத்தை 12 விதமாகத்தான் அடுக்க முடியும். கொஞ்சம் நகர்த்தினால் டேப்பிங் வந்து நிற்கும். நம் பெற்றோர் விடியற்காலையில் எழுந்து போய்ச் செய்த மரம் சீவும் வேலை! 2,520 எங்கே, 12 எங்கே? வாலைப் பிரிப்பது, 'ரீ', 'அன்' மாதிரித் தலையைப் பிரிப்பது, எஸ்ஸும் எச்சும் சேர்ந்து வருமா என்று பார்ப்பது, இவ்வளவுதான் வித்தை. ஆங்கிலச் சொல் எப்படிக் கட்டப்படுகிறது என்ற பாடம் இதற்குள்ளேயே அடங்கிவிட்டது.

சகோதரியின் பேச்சில் ஆணிவேர் ஒன்று இருந்தது. ஆங்கிலம் புழங்காத வீட்டுப் பிள்ளையால் ஆகாது என்பது. 2003-ஆம் ஆண்டு உலக ஸ்கிராபல் போட்டி நம் கோலாலம்பூரில் நடந்தது. வென்றவர் யார்? தாய்லாந்து இளைஞர் பானுபோல் சுஜ்ஜயகோர்ன். அவர் வீழ்த்தியதும் இன்னொரு தாய்லாந்துக்காரரை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டுக்காரர்கள் ஓரமாக நின்று பார்த்தார்கள். 2009-இல் ஜொகூர் பாருவில் நடந்தபோதும் பட்டம் தாய்லாந்துக்கே போனது. கெடாவுக்கு மேலே எல்லையைத் தாண்டினால் இருக்கிற நாடு அது. ஆங்கிலேயர் அங்கே ஆண்டதுகூட இல்லை. பள்ளிக்கூடத்தில் பலகையை விரித்து வைத்துப் பழக்கினார்கள், வந்தது. நம்மவரும் சளைத்தவர் இல்லை. 2007-இல் மும்பையில் நடந்த உலகப் போட்டியில் மலேசியாவின் கணேஷ் ஆசீர்வாதம் இறுதிச் சுற்றுவரை போய் இரண்டாம் இடம் பெற்றார். எத்தனை தமிழ்ப்பள்ளிச் சுவரில் அவர் படம் மாட்டியிருக்கிறோம்? சினிமா நடிகர் பிறந்தநாள் மட்டும் நமக்கு மறப்பதில்லை.

அந்த 2007 இறுதிச் சுற்றில் கணேஷை வென்ற நைஜல் ரிச்சர்ட்ஸ் நியூசிலாந்தில் பிறந்தவர், மலேசியாவில் வசிப்பவர். 2015-இல் பிரெஞ்சு மொழிப் போட்டியிலும் உலகப் பட்டம் வென்றார். பிரெஞ்சு பேசத் தெரியாது. சொற்பட்டியலை ஒன்பது வாரத்தில் மனத்தில் ஏற்றிக்கொண்டு போனார். 2024-இல் ஸ்பானிய மொழியிலும் அப்படியே. இதைக் கேட்டால் வியப்பு வரும். எனக்குப் பயமும் வருகிறது. ஏனென்றால் போட்டி விதிப்படி சொல்லின் பொருள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பட்டியலில் இருந்தால் போதும். இரண்டெழுத்துச் சொற்கள் மட்டுமே 2019 பட்டியலில் 127. அவற்றில் பாதியை வைத்து எஸ்.பி.எம். கட்டுரையில் ஒரு வரி எழுத முடியாது. அந்த அளவுக்குச் சகோதரி சொன்னது நியாயம்தான். இந்த விளையாட்டு ஒரு பிள்ளையைப் பேச வைத்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

ஆகவே, நம் வீட்டுக்கு ஒரு தனி விதி வைத்துக்கொள்ளலாம். பொருள் சொன்னால்தான் புள்ளி. அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் சொன்னால் இரட்டைப் புள்ளி. பொருளைத் தமிழில் சொன்னாலும் சரி, மலாயில் சொன்னாலும் சரி. அப்பாவுக்குப் பொருள் தெரியாவிட்டால் பிள்ளை அகராதியைப் புரட்டிக் காட்டட்டும். அகராதியைப் புரட்டும்போது இன்னொரு கூத்தும் நடக்கும். தோட்டத்தில் நாம் வெட்டித் தள்ளும் லாலாங் புல் ஆங்கில அகராதியில் இருக்கிறது. அதை வெட்டும் பாராங் கத்தி இருக்கிறது. ரம்புத்தான் இருக்கிறது. கட்டுமரமும் சுருட்டும் கறியும் கொஞ்சம் உருமாறி உட்கார்ந்திருக்கின்றன. இட்லியும் தோசையும் உருமாறாமலே இருக்கின்றன. ஒன்றும் தெரியாது என்று கூனிக் குறுகி நிற்கிற பிள்ளைக்கு, கைவசம் ஏற்கனவே சில ஆங்கிலச் சொற்கள் இருப்பது அப்போது தெரியும்.

"செட் வாங்கக் காசு?" என்பீர்கள். வாங்கவே வேண்டாம். பழைய நாள்காட்டி அட்டையை நூறு சதுரமாக வெட்டுங்கள். அமெரிக்காவில் இந்த விளையாட்டை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ், 1930-களின் மந்தநிலையில் வேலை இழந்த கட்டடக் கலைஞர். பத்திரிகையை விரித்து எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தார். அந்தக் கணக்கை அடியொற்றித்தான் இன்றும் இ எழுத்து 12, ஏ 9, ஐ 9, ஓ 8 என்று வைக்கிறார்கள். கியூவும் இசட்டும் ஒவ்வொன்றுதான். ஏன் இப்படி என்று பிள்ளையையே ஒரு ஆங்கிலப் பத்திரிகைப் பக்கத்தில் எண்ணச் சொல்லுங்கள். அரை மணி நேரம் வீடு அமைதியாக இருக்கும், அது தனி லாபம்.

நடுவர் மணியடிக்கப் பார்க்கிறார். இன்று இரவு சாப்பிட்ட பிறகு போஸ்ட் என்ற சொல்லை ஒரு தாளில் எழுதிப் பிள்ளையிடம் கொடுங்கள். கடிதம் போடுகிறோமே, அதே போஸ்ட்தான். அந்த நான்கு எழுத்தில் இன்னும் ஐந்து சொற்கள் இருக்கின்றன. கைப்பேசியைத் தொடாமல் தேட வேண்டும். அப்பாவும் அம்மாவும் கூட உட்கார வேண்டும்.