வழி திறந்தவர்கள்: ராக் இசையும் தோல் ஊர்களும்



யார் நினைவாக நாம் இங்கே கூடியிருக்கிறோமோ, அந்தப் பெரியவர் தோல் தொழிலில் உழைத்து ஈட்டியதில் ஒரு பங்கைக் கல்விக்கும் இசைக்கும் எழுதி வைத்தவர். அவர் பெயரால் அமைந்த மேடையில் ராக் இசையைப் பற்றிப் பேசுவது பொருத்தமா என்று சிலர் எண்ணலாம். மிகப் பொருத்தம் என்பதே என் துணிபு. ராக் இசை, கைவேலை செய்து பிழைத்த மக்களின் பிள்ளைகள் உண்டாக்கியது. வேலூர், இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் இந்தத் தோல் ஊர்களுக்கு அந்த இசை அந்நியமானதல்ல.

ராக் வரலாற்றில் மிகப் பெரிய தாக்கம் செலுத்தியவர்கள் யார்? எல்விஸ் பிரெஸ்லி, பீட்டில்ஸ், பாப் டிலன், ரோலிங் ஸ்டோன்ஸ், ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், லெட் செப்பெலின், குயீன் என்று பட்டியல் நீளும். விற்ற இசைத்தட்டுகளை எண்ணியும், கூடிய கூட்டத்தைப் பார்த்தும் பட்டியல் போடலாம். நான் வேறொரு கேள்வியை அளவுகோலாகக் கொள்கிறேன். ஒருவர் வாசித்ததனால், அவருக்குப் பின் வந்தவருக்கு அதுவரை மூடியிருந்த எந்தக் கதவு திறந்தது?

கோயில் பாட்டிலிருந்து மின்கிதாருக்கு

அப்படிக் கேட்டால் முதலில் வருபவர் ஒரு பெண். 1915இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பிறந்த சிஸ்டர் ரோசெட்டா தார்ப். தேவாலயத்தில் பாடி வளர்ந்த கறுப்பினப் பெண். தேவனைத் துதிக்கும் பாட்டையே மின்கிதாரில் அதிர வைத்தார். அவர் 1944இல் பதிவு செய்த பாடல் ஒன்றை ராக் இசையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாகச் சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. ராக் இசைப் புகழ்க்கூடம் அவரைச் சேர்த்துக்கொண்டதோ 2018இல்தான். அவர் மறைந்து 45 ஆண்டுகள் கழித்து.

அடுத்தவர் சக் பெர்ரி. கிதாரைப் பாடகனுக்குச் சமமாகப் பேச வைத்தவர். பீட்டில்ஸும் ரோலிங் ஸ்டோன்ஸும் அவர் பாட்டுகளை வாசித்தே தொழில் கற்றார்கள். 1977இல் வாயேஜர் விண்கலங்கள் சுமந்து சென்ற பொன்தட்டில் அவருடைய ‘ஜானி பி. குட்’ பாடல் இருக்கிறது. அதே தட்டில் நம் நாட்டின் கேசர்பாய் கேர்க்கர் பாடியதும் இருக்கிறது.

இன்னொரு பெயரையும் சொல்லியாக வேண்டும். ‘ஹவுண்ட் டாக்’ என்றதும் உலகம் எல்விஸை நினைக்கிறது. அதை அவருக்கு முன்பே 1952இல் பாடிப் பதிவு செய்தவர் பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்பினப் பெண். புகழும் பணமும் எல்விஸுக்கு 1956இல் போய்ச் சேர்ந்தன. எல்விஸின் திறமையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் வழி திறந்தவர் பெயர் அழிந்து, அந்த வழியில் நடந்தவர் பெயர் மட்டும் நிலைப்பது ராக் வரலாற்றில் திரும்பத் திரும்ப நடந்த அநீதி. இதை மனதில் வையுங்கள். நம் ஊர்க் கதைக்கும் இது தேவைப்படும்.

பர்மிங்காம் பாடம்

இனி நான் உங்களை அழைத்துச் செல்ல விரும்பும் ஊர் இங்கிலாந்தின் பர்மிங்காம். அன்று அது இரும்பும் உலோகத் தகடும் அடித்த ஆலை ஊர். அங்கே ஆஸ்டன் பகுதியில் டோனி அயோமி என்ற 17 வயதுப் பையன் தகட்டு ஆலை ஒன்றில் வேலை பார்த்தான். முழுநேர இசைக்குப் போவதற்காக வேலையை விடும் நாள். கடைசி நாளான அன்றுதான் எந்திரம் அவனுடைய வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனிகளையும் பறித்துக்கொண்டது. ஆண்டு 1965. இடக்கைப் பழக்கமுள்ள அவனுக்குக் கிதார்க் கம்பியை அழுத்த வேண்டியது அந்த வலது கைதான்.

மனம் உடைந்து கிடந்தவனிடம் ஆலையின் மேலாளர் ஒருவர் ஜாங்கோ ரெயின்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தீவிபத்தில் இரண்டு விரல்கள் செயலிழந்த பிறகும் உலகமே வியக்க வாசித்த கிதார்க் கலைஞர் அவர். அயோமி எழுந்தான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்நுனிக்கு உறை செய்தான். கம்பி வழுக்காமல் பிடிப்பதற்கு அதன்மேல் ஒட்டியது எதை? ஒரு பழைய ஜாக்கெட்டிலிருந்து வெட்டிய தோலை. விரல் வலிக்காதிருக்க மெல்லிய கம்பிகளைப் பூட்டினான். பிறகு சுருதியையும் இறக்கிக் கம்பிகளைத் தளர்த்தினான். 1971இல் வந்த அவன் குழுவின் மூன்றாம் ஆல்பத்தில் அந்தத் தாழ்ந்த சுருதியின் கனத்தை முழுதாகக் கேட்கலாம். ஹெவி மெட்டல் என்று உலகம் அழைக்கும் இசையின் குரல் அப்படித்தான் பிறந்தது.

அவனுடைய குழு பிளாக் சப்பாத். பாடகர் ஓசி ஆஸ்பர்ன், அதற்கு முன் இறைச்சிக்கூடத்தில் மாடு அறுக்கும் வேலை செய்தவர். அவர்களின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரியில் வந்தது. 2025 ஜூலையில் தங்கள் சொந்த ஆஸ்டனிலேயே கடைசி முறை வாசித்தார்கள். அதே மாதம் ஆஸ்பர்ன் காலமானார். மெட்டாலிகா முதல் இன்று நம் கல்லூரிகளில் வாசிக்கும் பையன்கள் வரை அந்தச் சுருதிக்குக் கடன்பட்டவர்கள்.

ஆம்பூர் மாணவர்களே, இதைக் கவனியுங்கள். அவர்கள் ஆலையிலிருந்து தப்பி வேறு உலகத்துக்குப் போய்ப் பாடவில்லை. ஆலையின் இரைச்சலையும் காயத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போனார்கள். டேனரியில் இராப்பகலாய்ச் சுழலும் மர டிரம்களின் ஓசை நம்மிடமும் இருக்கிறது. ஷூ கம்பெனிகளில் வரிசை வரிசையாக உட்கார்ந்து தைக்கும் பெண்களின் மெஷின் தாளமும் இருக்கிறது.

தோலும் தாளமும்

நம் நாட்டுக்கும் ராக் இசைக்கும் உள்ள உறவு பழையது. குயீன் குழுவின் பிரெட்டி மெர்க்குரி சான்சிபாரில் பிறந்த பார்சி. பாஞ்ச்கனியின் பள்ளி விடுதியில் படித்தபோதுதான் முதல் குழுவில் பியானோ வாசித்தார். பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன் ரவிசங்கரிடம் சிதார் கற்றார். 1971 ஆகஸ்டில் இருவரும் சேர்ந்து வங்கதேச அகதிகளுக்காக நியூயார்க்கில் நடத்திய நிகழ்ச்சி, பின்னால் வந்த பெரிய நிவாரண இசை நிகழ்ச்சிகளுக்கு முன்னோடி.

ஆனால் நம் மண்ணின் ராக் வேறொரு இடத்தில் தொடங்குகிறது. தோலில். 1950களின் பிற்பகுதியில் பிளாஸ்டிக் வரும் வரை மேலைநாட்டு டிரம்ஸிலும் தோல்தான். இங்கே பறையைத் தீயில் காய்ச்சிச் சுருதி ஏற்றி அடித்தவர்களைச் சமூகம் தெருவுக்கு வெளியே நிறுத்தியது. அதே தோல் மிருதங்கமாகி சபாவுக்குள் போனது. தோலைப் பதமாக்கி மிருதங்கம் செய்த கைகள் போகவில்லை. டி.எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூல் அந்தக் கைகளின் வரலாறு.

2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு மேடையேறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. பெயர், அயோத்திதாசர் வலியுறுத்திய ‘சாதிபேதமற்ற தமிழர்’ என்ற கருத்திலிருந்து வந்தது. பறையும் சட்டியும் கானாவும் மின்கிதாரோடும் ராப்போடும் ஒரே மேடையில் சமமாக நின்றன. ஆண்கள் கோலோச்சிய கானாவில் இசைவாணி தன் குரலை நிலைநாட்டினார். 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். என் அளவுகோலின்படி தமிழ் ராக்கில் மிகப் பெரிய கதவைத் திறந்தது இந்தக் குழுதான்.

அதில் பாடிய அறிவு, பழைய வேலூர் மாவட்டத்தின் அரக்கோணத்துப் பிள்ளை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டி வள்ளியம்மாளின் நினைவுகளைப் பாட்டாக்கினார். 2021 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் இசையில் பாடகி தீயும் அவரும் பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ உலகெங்கும் ஒலித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அந்தப் பாட்டைப் பற்றிப் பேசிய ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அறிவின் படம் இல்லை. ரஞ்சித் உள்ளிட்டோர் கண்டித்த பிறகே இதழின் மின்னட்டையில் அவர் வந்தார். பிக் மாமா தார்ன்டனை இங்கே நினையுங்கள். தார்ன்டனுக்காக அன்று பேச ஆள் இல்லை. அறிவுக்காகப் பேச இன்று ஆயிரம் பேர் இருந்தார்கள். அதுவும் இந்த இசை தந்த தாக்கம்தான்.

எனவே உங்களிடம் மூன்று வேண்டுகோள். உங்கள் கல்லூரி விழாவில் வெளியூர்க் குழுவுக்குக் கொடுக்கும் அதே மேடையையும் அதே நேரத்தையும் அதே சம்பளத்தையும் உள்ளூர்ப் பறைக் குழுவுக்கும் கொடுங்கள். சுவரொட்டியில் வாசிப்பவர் ஒவ்வொருவர் பெயரையும் அச்சிடுங்கள். மூன்றாவது, உங்கள் வாழ்க்கையையே பாட்டாக்குங்கள். தோல் கழிவால் பாழான பாலாற்றைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பு எழுதியது. கொடைக்கானல் பாதரச மாசு பற்றி சோபியா அஷ்ரப் 2015இல் பாடிய ராப் பாட்டு, தொழிலாளர் கோரிக்கையை உலகின் காதுக்குக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டே அந்த மாசுக்குக் காரணமான நிறுவனம் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. பாலாற்றுக்கும் பாட்டு வேண்டும். அதை எழுத வேண்டியவர்கள் இந்தக் கரையில் பிறந்தவர்கள்.

ராக் இசையை மாற்றியவர்கள் எவரும் அனுமதி கேட்டுக் காத்திருக்கவில்லை. தங்கள் கையில் இருந்த பொருளை எடுத்தார்கள், தங்கள் ஊரின் ஓசையில் வாசித்தார்கள். உங்கள் கையில் இருப்பதும் குறைவானதல்ல. தொடங்குங்கள்.